கடைமதில் கோட்டைத் தோப்பித் தூம்பை நாடி அரசியார்க்கு எழுதியது

மழை பிழையாத வெண்ணாவல் நாட்டை ஆளும் பெருமாட்டியும், மூன்று ஆறுகளின் இரு கரைக்கும் காவலும், வழக்கோடு வருவோர் குரலைத் தம் செவியாலேயே கேட்டருளும் வழக்கமுடையவருமாகிய அரசி நெடுவேண்மாள் தேவியார் திருமுன்பு, அரண்மனை நறவுத்துறைத் தலைவனும், நாட்டார் பருகும் நீரையும் நறவையும் நாடி நன்று தீது சொல்லும் பொறுப்புடையவனுமாகிய வெளியன் கோடன் பணிந்து விடுக்கும் ஓலை. தேவியார் உடல் நலமும், இளவரசியார் கல்வியும், மாநாகல் நகரின் களஞ்சியங்களும் குறைவின்றி வளர்க. அடியேன் நலமே. பதினொரு நாள் வழிநடந்து கடைமதில் சேர்ந்து, ஒன்பது நாள் அங்குத் தங்கி, கட்டளையிட்ட பணியை முடித்து, ஆற்றின் இக்கரையில் அமர்ந்து இதைப் பொறிக்கிறேன்.

கீழெல்லையில் காவல் நிற்கும் கடைமதில் கோட்டையில், ஆவணித் திங்கள் முதல் வாரத்தில், தோப்பி என்னும் நெற்கள்ளைப் பருகிய வீரர் நாற்பத்து மூவர் வயிறு கலங்கிப் படுத்தனர் என்பதும், அவருள் பிட்டன் என்னும் இளவீரன் மூன்றாம் நாள் இறந்தான் என்பதும், கோட்டைத் தலைவர் கொற்றவாளியார் அத்தோப்பியை அட்டு வடித்தவளைச் சிறையிலிட்டுத் தண்டம் வேண்டி எழுதினார் என்பதும் தேவியார் அறிந்தவை. பருகுவோர் உயிர்க்கு இறுதி செய்த நறவை அட்டவர் சாடிகளை உடைத்து, அவரை நாட்டெல்லைக்கு அப்பால் துரத்துக என்பது நம் நாட்டுச் சட்டம். தண்டம் நிறைவேறுமுன் குற்றம் நறவிலா, கலத்திலா, கையிலா என்று நாடி வருக என அடியேனைப் பணித்தருளினீர்கள்.

நறவைப் பற்றிச் சொல்லுமுன், அதை நாடிய நாவைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். இதை மறைத்து எழுதினால் பின்வரும் எந்தச் சொல்லையும் தாங்கள் நம்ப வேண்டியதில்லை.

சிறையிலிருந்த பெண்ணின் பெயர் எயினி. பதினான்கு ஆண்டுகளுக்கு முன், அடியேன் கடைமதிலில் சுங்கச்சாவடி எழுத்தனாக இருந்த நாளில், அவளை மணப்பதாகச் சொல்லியிருந்தேன். அவள் தந்தையின் அடுகளத்தில்தான் முளைவிட்ட நெல்லின் மணத்தையும், புளிப்பு ஏறும் நாளையும், ஏறிக் கெடும் நாளையும் என் நா கற்றது. அக்காலத்து நறவுத்துறைத் தலைவர் அவ்வழி வந்தபோது ஐந்து சாடித் தோப்பியைக் கண்ணைக் கட்டிக்கொண்டு பிரித்துச் சொன்னேன். அவர் என்னைத் தலைநகருக்கு அழைத்தார். வரும் மாரிக்குள் திரும்பி வருவேன் என்று எயினியிடம் சொல்லிப் புறப்பட்டேன். மாநாகலில் பணியேற்ற அன்றுதான், நறவு நாடுவோன் நறவு அடுவோர் குடியில் பெண் கொள்ளலாகாது என்ற விதியைப் படித்துக் காட்டினார்கள். பணியை வைத்துக்கொண்டேன். அவளுக்குச் சொல்லி அனுப்பவில்லை. என்ன சொல்வது என்று தெரியாமல் முதல் ஆண்டு போயிற்று. இனிச் சொல்லி என்ன என்று மற்ற ஆண்டுகள் போயின.

தாங்கள் அனுப்பிய ஆணையில் தோப்பி அடும் பெண் என்று மட்டுமே இருந்தது, பெயர் இல்லை. ஆயினும் கடைமதிலில் அடுகளம் ஒன்றே உண்டு என்பதை நான் அறிவேன். வேறொருவரை அனுப்புக என்று அன்றே விண்ணப்பித்திருக்க வேண்டும். அவளை ஒருமுறை பார்க்கலாம் என்ற ஆசையால் அதைச் செய்யவில்லை. அறிந்தே வந்தேன். இதற்கு உரிய தண்டத்தைத் தேவியார் தனியே விதித்தருள்க.

இனி நாடியதைச் சொல்கிறேன்.

அடுகளம் கோட்டைக்கு வெளியே, சுனையருகே மேட்டில் இருக்கிறது. கோட்டை அதற்குக் கீழே. வீரர் குடிக்க வெளியே போய்க் காவலை மறக்கிறார்கள் என்று, எட்டு ஆண்டுகளுக்கு முன் இருந்த தலைவர் ஒரு வழி செய்தார். அடுகளத்துச் சாடியிலிருந்து மூங்கில் தூம்புகளை ஒன்றோடொன்று செருகி, மதிலைத் துளைத்து, படைவீட்டு முற்றம்வரை மண்ணுக்கடியில் இழுத்தார். முற்றத்தில் தூம்பின் வாயை அடைத்த மரமுளையைப் பிடுங்கினால் தோப்பி நுரையோடு விழும். தூம்பில் பாதி மதிலுக்கு வெளியே, பாதி உள்ளே.

முதல் நாள் காலையில் எயினியைச் சிறையிலிருந்து அழைத்து வந்தார்கள். முப்பத்திரண்டு அகவையில் நரை தொடங்கியிருந்தது. நெருப்புப் பட்ட பழைய தழும்பு இடக்கையில் அப்படியே இருந்தது. என் முகத்தைப் பார்க்காமல் என் விரலிலிருந்த முத்திரை மோதிரத்தைப் பார்த்தாள். ஒருகாலத்தில் அவள் என்னைக் கோடா என்று மேட்டிலிருந்து கூப்பிடும் குரல் சுங்கச்சாவடிவரை கேட்கும். அன்று அவள் கேட்டதை, என்னுடன் வந்த எழுத்தர் பதிந்தபடியே தருகிறேன்: "எங்கேர்ந்து தொடங்கணும் ஐயா?"

சாடிகளிலிருந்து தொடங்கச் சொன்னேன்.

சாடிகள் ஆறு. ஆறும் வெந்நீரும் சாம்பல் நீரும் கண்டவை. விளிம்பின் உட்பக்கத்தில் விரலை ஓட்டினேன், வழுக்கவில்லை. குவளைகளை நீரில் நனைத்துக் கவிழ்த்துப் பார்த்தேன். கழுவாத எண்ணெய்ப் பசை இருந்தால் நீர் முத்து முத்தாகத் திரண்டு நிற்கும். அவள் குவளைகளில் நீர் ஒரே மெல்லிய ஆடையாக வழிந்தது. தோப்பியை வார்த்ததும் நுரை இரண்டு விரல் உயரம் எழுந்து அடங்கி, ஒவ்வொரு மிடறுக்கும் குவளைச் சுவரில் ஒரு வெண்வளையம் விட்டது. மணம் முளைநெல்லின் மணம். புளிப்பு நாவின் இரு ஓரங்களைத் தொட்டு விலகியது.

தேவியார் பொறுத்தருள்க. நாடுவோன் சுவை பார்த்து உமிழ வேண்டும் என்பது விதி. அந்த முதல் மிடற்றை நான் விழுங்கிவிட்டேன். பதினான்கு ஆண்டுகளாக நாட்டின் நூறு அடுகளங்களில் எதைத் தேடினேன் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

மதிலுக்கு வெளியே தூம்பின் பாதிவழியில் ஒரு திறப்பு உண்டு. அங்கே எடுத்த தோப்பியும் சாடித் தோப்பியும் வேறல்ல. ஏழு நாளைக்கு ஒருமுறை தென்னைநார்க் குச்சத்தைக் கயிற்றில் கட்டி அந்தப் பாதித் தூம்புக்குள் இழுத்துக் கழுவுவதாக எயினி சொன்னாள். குச்சத்தைக் காட்டினாள், அதன் நுனிகள் தேய்ந்திருந்தன.

பிறகு முற்றத்து முளையைப் பிடுங்கச் செய்தேன். நுரை எழுந்த வேகத்தில் விழுந்தது. குவளைச் சுவரில் வளையமில்லை. கெட்ட வெண்ணெயின் நாற்றமும், காடியின் நெடியும், அவற்றுக்கு அடியில் இன்னொரு வாடையும் வந்தன. அந்த மூன்றாவது வாடையை நறவில் நான் முன்பு அறிந்ததில்லை.

என் நாவை ஊரார் நம்பவேண்டிய கட்டாயமில்லை என்பதால், கோட்டை மருத்துவர் உவச்சனாரையும், கோயிலுக்கு நீர் சுமக்கும் ஒருவரையும், குடியையே தொடாத உப்பு வாணிகர் ஒருவரையும் அழைத்தேன். மூன்று இடத்துத் தோப்பியை ஒரே வடிவக் குவளைகளில் வார்த்து, அடியில் எழுத்தர் மட்டும் குறியிட்டு, மூவர் முன்னும் தனித்தனியே வைக்கச் செய்தேன். நுனிநாவில் வைத்து உமிழ்ந்த மூவரும் ஒரே குவளையைத்தான் தள்ளி வைத்தனர். அது முற்றத்துக் குவளை. உப்பு வாணிகர் அதை முகர்ந்ததும் எழுந்து போய் வாய் கொப்பளித்தார்.

அன்று நண்பகலில் கொற்றவாளியார் என்னைக் குதிரை இலாயத்தின் நிழலுக்கு அழைத்தார். அவர் கொடியவரல்லர். நாற்பத்து மூவர் படுக்கையருகிலும் ஒவ்வொரு நாளும் போய் அமர்ந்தவர் அவர் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். ஆயினும் குற்றம் கோட்டைக்குள் இருக்கிறது என்று எழுதினால் எல்லைக்கு அப்பாலுள்ளவர் நகைப்பார் என்றார். பின் குரலைத் தாழ்த்தி, "சுங்கச்சாவடி எழுத்தர் ஒருத்தர் இங்க இருந்தாராம். அடுகளத்துப் பொண்ணுக்குப் பேச்சு குடுத்துட்டுப் போனாராம். ஊர்ல வயசானவங்க இன்னும் மறக்கல. நீங்க அவளை விட்டா, எதுக்கு விட்டீங்கன்னு கேப்பாங்க" என்றார்.

அவர் சொன்னதில் பொய்யில்லை. அதனால், ஊரார் கண்முன் மண்ணைத் தோண்டிப் பார்த்துவிடலாம், என் சொல் எதற்கும் வேண்டியதில்லை என்றேன்.

மறுநாள் மதிலின் உட்புறத்திலிருந்து தூம்பின் வழியே தோண்டினார்கள். முதல் ஐந்து மூங்கில்களைப் பிளந்தபோது உள்ளே விரற்கடை கனத்தில் வழுக்கும் வழும்பு படிந்திருந்தது. கழுவாத நாள்களின் அளவு அது. இலாயத்தின் அருகே வந்ததும் மண் ஈரமாயிற்று. குதிரைகளைக் கழுவும் நீரும் சாணமும் ஓடும் சாக்கடை, தூம்புக்கு மேலே ஒரு முழத்தில் சென்றது. அதன் நேர் கீழே இருந்த மூட்டு விரிந்து, ஒரு கை நுழையும் அளவு வாய் திறந்து கிடந்தது. தோண்டியவர் மண்வெட்டியை வைத்துவிட்டுத் துணியால் மூக்கைப் பொத்தினார். மூன்றாவது வாடை எங்கிருந்து வந்தது என்று அங்கு நின்ற ஒருவருக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

கொற்றவாளியார் குழிக்குள் குனிந்து பார்த்தார். பின்பு வாளைக் கழற்றி என் எழுத்தர் கையில் கொடுத்துவிட்டு, ஆனித் திங்களில் வீரர் சிலர் காவலை விட்டு வெளியேறியதால் உள்வாயிலைப் பூட்டச் சொன்னது தாமே என்றும், தூம்பு கழுவ வந்தவளை வாயிலிலேயே திருப்பி அனுப்பச் சொன்னதும் தாமே என்றும், எல்லார் முன்பும் சொன்னார். அவர் முகத்தில் அதன்பின் இருந்த அமைதியைப் பார்த்து எனக்குப் பொறாமை வந்தது.

இதோடு வழக்கு முடிந்தது என்று நினைத்தேன். எயினிக்கு விடுதலை என்று அறிவிக்க வாயெடுத்தேன். அப்போது அவள் எழுந்து நின்றாள்.

அவள் சொன்னதும் பதிவிலுள்ளபடியே: "எனக்குத் தெரியும் ஐயா. உள்பக்கம் ரெண்டு மாசமா கழுவல. மூணு தடவை வாசல்ல போய் நின்னேன், தொறக்கல. நிறுத்தினா கோட்டைக்கு ஊத்துற உரிமை போயிடும்னு பயந்தேன். சாக்கடை கலந்தது தெரியாது. ஆனா கழுவாத தூம்புன்னு தெரிஞ்சுதான் ஊத்தினேன்."

இறந்த பிட்டனின் தமையன் கூட்டத்தில் இருந்தான். அவனும் அந்தப் படையில் வீரன். அவன் எழுந்து, "அந்த முளையில வந்ததை நீ குடிச்சிருப்பியா?" என்று கேட்டான்.

"குடிச்சிருக்க மாட்டேன்" என்றாள் எயினி.

அவன் உட்கார்ந்தான். உட்கார்ந்தவன் முகத்தை முழங்காலில் புதைத்துக்கொண்டான். அவனை யாரும் தொடவில்லை. அவள் மட்டும் தன் இடத்தைவிட்டு நடந்துபோய், அவனுக்கு மூன்றடி தள்ளி மண்ணில் உட்கார்ந்து, தீர்ப்புச் சொல்லும்வரை எழாமல் இருந்தாள்.

அவள் வாய் திறவாதிருந்தால் முழு விடுதலை பெற்றிருப்பாள். நானும் கேட்டிருக்கமாட்டேன், கேட்க விரும்பியிருக்கவும் மாட்டேன். அந்த ஒரு நாழிகையில் என் நாவும் நெஞ்சும் இரண்டு வழக்கு மன்றங்களாகப் பிரிந்து நின்றன. பதினான்கு ஆண்டுகளாக நினைவில் வைத்திருந்த பெண்ணைவிட எதிரில் மண்ணில் அமர்ந்திருந்த பெண் பெரியவள் என்று தெரிந்தது. அவளை நான் இழந்த நாள் இதுவரை நினைத்திருந்த நாளன்று, இன்றே என்றும் தோன்றிற்று.

எனவே நான் அளித்த தீர்ப்பு இது. நறவில் குற்றமில்லை, சாடியில் குற்றமில்லை. குற்றம் கழுவப்படாத தூம்பிலும், பூட்டிய வாயிலிலும், அறிந்தும் நிறுத்தாத கையிலும் இருக்கிறது. ஆகவே சாடிகளை உடைப்பதும் நாடு கடத்துவதும் இல்லை. எயினி மூன்று திங்கள் கோட்டைக்குத் தோப்பி ஊற்றலாகாது. அடுகளத்தில் சாடியிலிருந்து நேரே வார்த்து ஊராருக்குக் கொடுக்கலாம். பழைய தூம்பு முழுவதும் எரிக்கப்பட்டது. புதியது இலாயத்தை விலக்கி, மண்ணுக்கு மேலே, கண்ணில் படும்படி போகவேண்டும். கொற்றவாளியார் குற்றத்தை விசாரிக்க எனக்கு அதிகாரமில்லை. அதைத் தேவியார் திருவுளத்துக்கு விடுகிறேன். தம் குற்றத்தைத் தாமே சொன்னார் என்பதை நினைவில் கொண்டருள்க.

தீர்ப்பைக் கேட்டதும் எயினி கைகூப்பி, "சரி ஐயா" என்றாள். அன்று மாலையே அடுகளத்தில் புகை எழுந்தது. அங்கே போக எனக்கு இனி அலுவல் ஒன்றுமில்லை என்பதால் போகவில்லை. மறுநாளும் போகவில்லை. ஆயினும் அந்த இரண்டு நாளும் மேட்டைப் பார்த்த சாளரத்தருகிலேயே பதிவுகளை எழுதினேன். ஒருமுறை அவள் வெளியே வந்து, நனைத்த நெல்லைப் பாயில் பரப்பிவிட்டு, இடுப்பில் கைவைத்து வானத்தைப் பார்த்தாள். மழை வருமா என்று பார்த்திருப்பாள். அதைவிட வேறொன்றை நினைக்க எனக்கு உரிமையில்லை, ஆனாலும் நினைத்தேன்.

இன்று காலை ஆற்றைக் கடக்கத் துறைக்கு வந்தேன். ஓடக்காரர் தம் பெயர் தூமன் என்றும், எயினி தம் மனைவி என்றும் சொன்னார். அகன்ற தோளும் மெதுவான பேச்சும் உடையவர். அவர்களுக்கு இரண்டு பெண்மக்கள். அவள் சிறையிலிருந்த இருபத்தாறு நாளும் உணவு கொண்டுபோனவர் அவரே என்பதை மருத்துவர் முன்பே சொல்லியிருந்தார். என் பெட்டியைத் தாமே தூக்கி ஓடத்தில் வைத்தார்.

ஓடம் ஆற்றின் நடுவே வந்தது. பின்பு அவர் துடுப்பை நிறுத்தாமலே, "உங்களப் பத்தி எங்க கல்யாணத்துக்கு முன்னாலயே சொல்லிட்டா. எனக்கு ஒண்ணும் இல்ல ஐயா" என்றார். துடுப்பை இன்னொருமுறை வலித்து, "ஒரு சேதி குடுத்து விட்டிருக்கா. அவர் கேட்டா சொல்லு, கேக்கலன்னா அப்படியே விட்டுடுன்னா" என்றார்.

நான் உடனே கேட்கவில்லை. இக்கரை மரங்களின் இலைகள் தனித்தனியாகத் தெரியத் தொடங்கின. பிறகு கேட்டேன்.

"நாலு மாரி காத்திருந்தாளாம். ஒரு ஓலை போட்டிருந்தீங்கன்னா ஒரு மாரியோட போயிருக்கும்னு சொல்லச் சொன்னா" என்றார் தூமன். அவர் குரலில் குறை சொல்லும் தொனி சிறிதுமில்லை. கொடுத்ததைச் சிந்தாமல் கொண்டுவந்து சேர்த்தவரைப்போல், சொல்லிவிட்டு ஓடத்தைக் கரையில் ஏற்றினார். கூலி வாங்க மறுத்துவிட்டுத் திரும்பிப் போனார். அவர் அக்கரை சேரும்வரை பார்த்திருந்து, பிறகே எழுத்தாணியை எடுத்தேன். நாட்டின் ஒவ்வொரு ஊர்க்கும் நான் ஓலை விடுத்திருக்கிறேன், தேவியாரே. ஆண்டுக்கு நூறு குறையாது. கடைமதிலுக்கு ஒன்றுகூட இல்லை.

ஆதலின், தாங்கள் எனக்களித்த முத்திரையின் அதிகாரத்தால் கோட்டையில் விடுத்துவந்த ஆணை இது: புதிய தூம்பு ஏழு நாளைக்கு ஒருமுறை முழு நீளமும் கழுவப்படுக. கழுவும் நாளில் மதிலின் வாயில்கள் அடுகளத்தாருக்குத் திறந்திருக்க. அன்று முதலில் விழும் குவளையைக் கோட்டைத் தலைவரும் தோப்பி அட்டவரும் ஒன்றாக நின்று முகர்ந்து பார்த்த பின்னரே வீரர்க்கு வார்க்க. நோயுற்ற நாற்பத்திருவரும் தேறிவிட்டனர். பிட்டன் பெயர் வீரர் கல்லில் பொறிக்கப்படுக. இவ்வாணையைத் தேவியார் உறுதி செய்தருள்க.

இத்தீர்ப்பு மனம் சாய்ந்தவன் நாவிலிருந்து வந்தது என்பதால், இதை மீண்டும் நாட வேறொருவரை அனுப்புக. குவளைகளின் குறிப்பும் மூவர் சான்றும் இவ்வோலைக் கட்டில் உள்ளன. மூன்று திங்கள் கழித்துப் புதிய தூம்பை நாட அனுப்புவோரும் வேறொருவராக இருக்கட்டும். அதன்பின் ஆண்டுதோறும் அப்படியே ஆகட்டும். கடைமதிலுக்கு என்னை அனுப்ப வேண்டா. பின்னொரு நாள் நல்ல காரணங்கள் பல சொல்லி, நானே வேண்டி எழுதுவேன். அந்த ஓலைக்கு மறுமொழி தர வேண்டா.

புரட்டாசித் திங்கள் ஐந்தாம் நாள், செங்கரையாற்றின் மேலைத்துறையில், வெளியன் கோடன் தன் கையால் எழுதி, நறவுத்துறை முத்திரை இட்டுக் கட்டியது. ஆணை செல்க.